தனித்தனி சாரும் ஜாடி ஆட்களும்

சாம்பாரையும் சோற்றையும் ஒன்று சேர விடாமல் காவல் காத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் விருத்தாசலத்தில், ஜங்ஷன் ரோட்டில், கக்கூஸ் கோப்பை விற்கும் கடைக்கு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். எனக்கு எதிர் மேஜை. தினமும் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன், இதில் மிகை என்று ஏதாவது தோன்றினால் அது நான் குறைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. முதலாளி முதல் எதிர்க்கடை டீ மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் தனித்தனி சார். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் 'என்னம்மா' என்று திரும்பிப் பார்ப்பார்.

மத்தியானம் அவர் கேரியரைத் திறப்பது ஒரு பூஜை மாதிரி நடக்கும். நான்கு அடுக்கையும் கழற்றி மேஜையின் நான்கு மூலைக்கு ஒன்றாக வைப்பார். முதலில் வெறும் சோறு. ஒரு பருக்கை விடாமல், மாத்திரை முழுங்குகிற முகத்தோடு சாப்பிட்டு முடிப்பார். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து சாம்பாரை டம்ளரில் ஊற்றி ஒரே மூச்சில் குடிப்பார். மறுபடி கை கழுவல். அதற்கப்புறம் பொரியல். கடைசியில் தயிர். சேர்ந்த புதிதில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்ள போயி எல்லாம் ஒண்ணாத்தானே சார் ஆவப்போவுது?"

"அது உள்ள நடக்குதும்மா. எனக்குத் தெரியாம நடக்குது. தெரிஞ்சு நான் பண்ண மாட்டேன்."

நான் என் புளிசாதத்தை அவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

டீக்கடையில் அவருக்கு மூன்று டம்ளர். ஒன்றில் டிக்காஷன், ஒன்றில் பால், ஒன்றில் சர்க்கரை. மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டார். "சார், கோச்சிக்காதீங்க. இதுக்குப் பேரு டீ இல்ல. டீ போடறதுக்கு முன்னாடி நான் எடுத்து வெக்கிற சாமானு. இத வித்தேன்னு வெளிய தெரிஞ்சா என் தொழிலு என்னாவறது?" தனித்தனி சார் அமைதியாக மூன்றையும் ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, "டீ நல்லா இருந்துது மாஸ்டர்" என்றார். மாஸ்டர் அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. தினமும் பஸ்ஸில் வருவார். நான் திட்டக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒருநாள் அதே பஸ்ஸில் அவர் ஏறினார். தனக்கு ஒரு டிக்கெட், பைக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்.

"பைக்கு என்னாத்துக்கு சார் டிக்கெட்டு? மடியில வெச்சிக்குங்களேன்" என்றார் கண்டக்டர்.

"அது தனியா வருது" என்றார் இவர்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு வயசானவர் ஏறினார். தனித்தனி சார் மரியாதையாக எழுந்து தன் ஸீட்டைக் கொடுத்தார். பை அதன் ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. விருத்தாசலம் வரைக்கும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி வந்தார். பக்கத்து ஸீட்டில் பை ஜன்னலோரம் ஹாயாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. இறங்கும்போது கண்டக்டர் அந்தப் பையைப் பார்த்து, "பாத்து எறங்குங்க" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரைக் கட்டி மேய்த்த எங்கள் முதலாளியையும் சொல்ல வேண்டும். கீழே கோப்பைக் கடை அவருடையது. இரண்டாயிரங்களில் இன்டர்நெட் என்று ஊரெல்லாம் பேச்சு அடிபட்டபோது, எதற்கும் இருக்கட்டும் என்று மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஊரில் இருக்கும் சின்னச் சின்னப் பீங்கான் பட்டறைக்காரர்கள் தங்கள் சரக்கை நேராக வெளியூருக்கு விற்க ஒரு வெப்சைட். அதில் மூன்று பிரிவு: கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு. படம் எடுத்துப் பக்கத்தை அழகாக்குவது என் வேலை. அது ஓடுவதற்கான வேலை எல்லாம் தனித்தனி சாருடையது.

ஓடினால்தானே! பாதி நாள் அது படுத்தே கிடந்தது. முதலாளி மாடிப்படியில் பாதி தூரம் ஏறி நின்று கத்துவார்.

"என்னாய்யா, எப்பப் பாத்தாலும் படுத்துக்கெடக்குது! அதுக்கு என்னா சீக்கு?"

சீக்கு என்னவென்று சார் எனக்குச் சொல்லியிருந்தார். வெப்சைட்டுக்கு வாசலில் ஒரு புரோகிராம் நிற்கும். அதற்குப் பெயர் சர்வர். வருகிறவர் பொம்மை கேட்டால், விலை, படம், கையிருப்பு எல்லாம் பார்த்து அந்த நேரத்தில் பக்கத்தைத் தயார் செய்து தர ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். எங்கள் சர்வர் அந்த ஸ்கிரிப்டுகளை எல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் சிக்கிக்கொண்டு மெமரியைத் தின்ன ஆரம்பித்தால் சர்வரும் சேர்ந்து விழும். ஜாடிக்கு வந்த வினையில் பொம்மையும் விளக்கும் போய்விடும்.

இது மற்றவர்களுக்குத் தொழில் பிரச்சினை. தனித்தனி சாருக்கு அருவருப்பு. "எல்லாத்தையும் ஒரே வயித்துல போட்டுக் கலக்கிக்கிட்டு இருக்குதும்மா" என்று சொல்லும்போது அவருக்கு உடம்பே சிலிர்க்கும். எச்சில் தட்டைப் பார்ப்பது போல அந்தத் திரையைப் பார்ப்பார்.

ஒருநாள் வந்ததும் பையை அதன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அறிவித்தார். "பிரிக்கப் போறேன்." இனிமேல் சர்வர் வாசலில் நின்று வருகிறவர்களை விசாரிப்பதோடு சரி. ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்குத் தனியாக ஆட்கள், அதாவது தனிப் புரோகிராம்கள், பின்னால் தயாராகக் காத்திருக்கும். சர்வர் வேலையை அவர்களிடம் கொடுத்து, முடிந்ததும் வாங்கிக்கொள்ளும். ஓர் ஆள் மயங்கி விழுந்தால் அந்த ஒருத்தரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை எழுப்பலாம். வாசல் மூடாது.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து கோமதி அக்கா பொம்மைக் கூடையோடு மாடி ஏறி வந்தார்.

கோமதி அக்காவை விருத்தாசலத்தில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பொம்மைக்குக் கண் எழுதுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது, வாயிலும்தான். அவருடைய நாதஸ்வர செட்டில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுவார், தவில்காரர் வெளுத்து வாங்குவார், பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் மட்டும் தலை சாய்ந்து தூங்குவார். 'எங்க ஊருல எல்லாக் கல்யாணத்துலயும் இவரு இப்புடித்தான்' என்பது அக்காவின் விளக்கம். அந்தத் தூங்குமூஞ்சிக்காகவே அந்த செட்டை வாங்குவார்கள்.

தனித்தனி சார் அவரிடம் கேட்டார். "அக்கா, பொம்மையச் சூளையில அப்புடியேவா வெக்கிறீங்க?"

"அப்புடியே எப்புடி வெப்பாங்க? சாகர் பொட்டிக்குள்ள வெச்சித்தான் அடுக்குவோம்."

"ஏன்?"

"ஒண்ணு வெடிச்சா அந்தச் சில்லு பக்கத்துப் பொம்ம மூஞ்சில தெறிக்கும். பொட்டிக்குள்ள இருந்தா அதோட போவும். இதென்னா, சின்னப் புள்ளகிட்ட கேக்கற மாதிரி கேக்கற?"

"அதத்தான் நான் செய்யப் போறேன்" என்று சார் முதலாளியைப் பார்த்தார். சுட்ட மண்ணில் செய்த அந்தப் பெட்டிகளை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முதலாளிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "அட, இவ்ளோதானா? இத மொதல்லயே சொல்றதுக்கென்னா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோமதி அக்காவுக்குத்தான் வேறு கவலை.

"அந்தப் பொட்டியெல்லாம் எங்க இருக்குது? கீழயா?"

"அமெரிக்காவுல அக்கா. அங்க ஒரு கம்ப்யூட்டர வாடகைக்கு எடுத்திருக்கோம்."

"நாசமாப் போச்சி. திருச்சிக்காரங்க வாங்கற பொம்மைய எதுக்குய்யா அமெரிக்காவுல வெக்கிறீங்க?"

சார் பிரித்தார். சும்மா பிரிக்கவில்லை, தன் கேரியரைப் பிரிப்பது மாதிரியே பிரித்தார். பொம்மைக்கு என்று சில ஆட்கள். ஜாடிக்கு என்று சிலர். விளக்குக்கு என்று சிலர். பொம்மை ஆள் ஜாடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. விளக்கு ஆள் சும்மா இருந்தாலும் பொம்மை வேலையைத் தொட முடியாது. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் நான் தயிர் சாப்பிடும்போதுகூடப் பார்த்ததில்லை.

சீக்கிரமே அதற்குச் சோதனையும் வந்தது. ஜாடிப் பட்டறைக்காரர் ஒருவர், ஜாடிப் படத்தை ஏற்றுகிறேன் என்று ஸ்டுடியோவில் கொடுத்த சிடியில் இருந்த பேரன் காதுகுத்து ஆல்பத்தை மொத்தமாக ஏற்றிவிட்டார். பழைய நாளாக இருந்தால் எல்லாம் சேர்ந்து சமாதியாகியிருக்கும். இப்போது ஜாடி ஆட்கள் மட்டும் காதுகுத்தைத் தூக்க முடியாமல் மூச்சுத் திணறி விழுந்தார்கள். பொம்மையும் விளக்கும் அவை பாட்டுக்கு ஓடின. முதலாளி முதல் தடவையாக மாடி முழுக்க ஏறி வந்து சாரின் தோளைத் தட்டினார். சார் தட்டிய இடத்தைத் துடைத்துக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயம்.

வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஏஜென்ட் ஒருவர் வேனோடு வருவார். கோமதி அக்காவின் பொம்மைகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். விலை அவர் சொல்வதுதான். அந்த வருஷம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தூங்குமூஞ்சி பொம்மையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, "இதுல ஃபால்ட்டு இருக்குதே, தல சாஞ்சிருக்குது" என்று ஏஜென்ட் விலையைக் குறைத்தாராம். அக்கா பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு, "ஒத்தப் பொம்ம கெடையாது போ" என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் வெப்சைட்டில் விற்பது என்று முடிவு.

சொல்லிவிட்டாரே தவிர ஆர்டர் வரவில்லை. வைக்கோலில் சுற்றிய பொம்மைகள் வீடு முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தன. "வூட்டுல பொம்மைங்கதான் படுத்திருக்குது. நாங்க வாசல்ல படுத்திருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு சரியாக இல்லை. கொலு போய்விட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான். அது வரைக்கும் அடுப்பு எரிய வேண்டும், அடுத்த பொம்மைக்கு மண் வாங்க வேண்டும். ஒரு வருஷத்து உழைப்பும் அந்த வைக்கோலுக்குள் இருந்தது.

ஏஜென்ட்டும் லேசுப்பட்டவர் இல்லை. மற்றப் பட்டறைகளில் சரக்கு எடுத்துக்கொண்டு, ஊரை விட்டுக் கிளம்பும் நாள் காலையில் எங்கள் முதலாளியின் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. விற்பனைக்கு வைத்திருந்த ரோஸ் நிறக் கோப்பையின் மூடி மேல் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் வண்டி கெளம்பிடும். அந்தம்மாவ யோசிச்சிக்கச் சொல்லுங்க" என்றார். கடைக்கு வந்தவர்கள் அவரையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விலை கேட்கத் தயங்கித் திரும்பிப் போனார்கள்.

அதே காலையில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் கோமதி அக்காவின் நாதஸ்வர செட் படத்தோடு வந்திருந்தது. நான்தான் படம் அனுப்பியிருந்தேன். போடுவார்கள் என்று நினைக்கவே இல்லை. தூங்குகிற ஒத்துக்காரரைத் தனியாகப் பெரிசாக்கி, கீழே வெப்சைட் முகவரியும் போட்டிருந்தார்கள். அக்கா பத்திரிகையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தோம்.

ஜனம் வந்தது. அப்படி ஒரு ஜனம்! மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயில் வாசலில் நெரிவது போல எல்லோரும் பொம்மை வாசலில் வந்து நெரிந்தார்கள். பொம்மை ஆட்கள் ஓடி ஓடிச் செய்தார்கள். ஆனால் ஒருத்தர் வேலை முடிவதற்குள் அதற்குப் பின்னால் வரிசை வாலாக நீண்டது. கொஞ்ச நேரத்தில் நான் பக்கத்தைத் திறந்து பார்த்தால், 'இப்போது முடியாது, பிறகு வாருங்கள்' என்று வந்தது. பிறகு பார்த்தாலும் அதேதான். ஆர்டர் ஒன்று வந்தது, இரண்டு வந்தது, அதோடு நின்றுபோனது.

முதலாளி ஏறி வந்தார். "பொம்மைக்கு இன்னும் நாலு ஆளு போடுய்யா!"

"எடம் இல்ல சார். வாடகைக்கு எடுத்த மெமரி அவ்ளோதான்."

"ஜாடி ஆளுங்க என்னா பண்றாங்க?"

"சும்மாத்தான் இருக்காங்க."

"வெளக்கு?"

"அவங்களும்தான்."

"அப்ப அவங்களப் பொம்மைக்கு அனுப்பறது!"

தனித்தனி சார் அதிர்ந்துபோய்ப் பார்த்தார். "சார், அவங்க ஜாடி ஆளுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிரச்சினை என்னவென்று தெரியாமல் இல்லை அவருக்கு. தீர்வும் தெரியும். அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டு, யார் கை காலியாக இருக்கிறதோ அவர் அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்ற வேண்டும். சில வரிகள்தான். அந்த வரிகளைத் திறந்தும் வைத்திருந்தார். விரல் விசைக்கு மேலே வந்து வந்து நின்றது, இறங்கவில்லை. "சார், தயவு பண்ணுங்க சார்" என்று நான் கெஞ்சினேன். முதலாளி கத்தினார். கீழே ஏஜென்ட் விசிலடித்தபடி கோப்பை மேல் காலாட்டிக்கொண்டிருந்தது மாடி வரைக்கும் கேட்டது.

கோமதி அக்கா மட்டும் கத்தவில்லை. கம்ப்யூட்டர் விவரம் அவருக்கு ஒன்றும் தெரியாது. வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்பா, ஜாடிக்காரன் பொட்டி காலியாத்தானே இருக்குது? எங்க சூளையில அப்புடி இருந்தா கேட்டு வாங்கி எங்க பொம்மைய வெச்சிப்போம். அவனுக்கு வேணும்னா எங்களுத எடுத்துப்பான். இங்க அப்புடிக் கூடாதா?"

"கூடும்" என்றார் சார். அப்புறம் சத்தமே இல்லாமல், "கலந்துடும்" என்றார்.

"கலந்தா என்னா?"

நாங்கள் எல்லோரும் அவரைக் கிண்டலாகக் கேட்டிருக்கிறோம், கோபமாகக் கேட்டிருக்கிறோம். பதில் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அக்கா கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு துணியால் மறுபடி துடைத்தார்.

"சின்ன வயசுல இருந்தே ஹாஸ்டல்தான் அக்கா. அங்க எல்லாமே கலந்துதான் கெடக்கும். என் சோப்ப நான் பாத்ததில்ல. என் சட்டைய யாராவது போட்டிருப்பாங்க. ஊருலேர்ந்து ஏதாவது வந்தா, அது எனக்குன்னு தெரியறதுக்குள்ள தீந்துபோயிருக்கும். எனக்குன்னு ஒண்ணுமே இருந்ததில்ல."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாள் எதிர் மேஜையில் உட்கார்ந்து அந்தக் கேரியரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். "சரி வுடுப்பா. ஒனக்கு மனசு வரலன்னா வேணாம். நான் கீழ போயி அந்தாளுகிட்டயே பேசிக்கறேன். இந்த வருசம் இப்புடி." வருத்தமாகத்தான் சொன்னார், ஆனால் அதில் குத்தல் ஒரு துளிகூட இல்லை. படியில் ஒரு காலையும் வைத்துவிட்டார்.

"இருங்க" என்றார் தனித்தனி சார்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொம்மை, ஜாடி, விளக்கு என்று எழுதியிருந்த தடுப்புகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொன்றுக்கும் பல்லைப் பிடுங்குவது போல முகம் கோணியது. எல்லா ஆட்களையும் ஒரே கூட்டமாக்கினார். சர்வரிடம், எந்த வேலை வந்தாலும் யார் காலியோ அவரிடம் கொடு என்று எழுதினார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி, "பொட்டி இப்பவும் தனித்தனிதான். யாரு பொருள வேணா எந்தப் பொட்டியில வேணா வெக்கலாம், அவ்ளோதான். அவ்ளோதாம்மா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினார்.

ஜாடி ஆட்கள் பொம்மை வேலையைக் கையில் எடுத்தார்கள். விளக்கு ஆட்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வால் குறையத் தொடங்கியது. நான் பக்கத்தைத் திறந்தேன். ஒத்துக்காரர் தூங்கி வழிந்தபடி திரையில் வந்தார். முதல் ஆர்டர் கும்பகோணத்திலிருந்து. அப்புறம் மதுரை, சேலம், பாண்டிச்சேரி. ஒரு கட்டத்தில் நான் ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டேன், தொண்டை கட்டிக்கொண்டது. கோமதி அக்கா பொம்மைக்குக் கண் எழுதும் அந்தக் கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அமெரிக்கா பரவாயில்லய்யா" என்றார்.

ஏஜென்ட் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு எழுந்தார். உட்கார்ந்திருந்த கோப்பை மூடியில் கீறல் விழுந்திருந்தது. முதலாளி அதை அவர் தலையிலேயே கட்டினார். அக்காவின் பொம்மைகளுக்கு வைத்திருந்த இடத்தில் ஒரு ரோஸ் நிறக் கோப்பை வேனில் ஏறிப் போனது. எங்கள் முதலாளியின் வியாபார வாழ்க்கையில் அதுதான் உச்சம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தனித்தனி சார் அதோடு மாறிவிட்டார் என்று நினைத்தால் அவரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. மறுநாளும் மூன்று டம்ளர் டீ. மறுநாளும் பைக்கு டிக்கெட்.

நவராத்திரி முடிந்ததும் கோமதி அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் ஒரு பீங்கான் தட்டு. நடுவில் சுவர் எழுப்பி நான்கு அறை பிரித்திருந்தார். சுவர் என்றால் சாதாரணச் சுவர் இல்லை, வெள்ளம் வந்தாலும் தாண்டாது. சாருக்கென்றே தனியாகச் செய்து, தனிப் பெட்டியில் வைத்துச் சுட்டது. ஆனால் அக்காவின் முகம் தொங்கிப் போயிருந்தது. சோற்றுக்கும் சாம்பாருக்கும் நடுவில் இருந்த சுவர் மட்டும் சூளையில் விரிசல் விட்டு, ஓர் ஓரம் உதிர்ந்துபோயிருந்தது.

"காட்டிட்டு எடுத்துக்கினு போலாம்னுதான் வந்தேன். குடுப்பா, வேற செஞ்சி தரேன்" என்று கை நீட்டினார்.

சார் தட்டைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குன்னு செஞ்சதுதானே? இதுவே இருக்கட்டும்" என்றார்.

அன்று மத்தியானம் நான் புளிசாதத்தைத் திறக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சோற்றை அதன் அறையில் வைத்தார். சாம்பாரை அதன் அறையில் ஊற்றினார். சாம்பார் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு உடைந்த இடம் வழியாக மெல்ல நகர்ந்து சோற்றைத் தொட்டது. சார் தடுக்கவில்லை. நனைந்த ஓரத்திலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். முழுங்கினார். என்னைப் பார்க்காமலேயே, "அதுவா வருதும்மா, நான் ஒண்ணும் பண்ணல" என்றார்.

நான் கல்யாணமாகி ஊரை விட்டு வரும் வரைக்கும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார். ஊரில் இருக்கும் ஒரு சிநேகிதி சொன்னாள், இப்போதும் அதே தட்டுதானாம்.

நான் தனியாகச் சாப்பிடும் நாட்களில் முதல் வாய்ச் சோற்றைச் சாம்பார் ஊற்றாமல் வெறுமனே சாப்பிடுகிறேன். கண்றாவியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வாய் அவருக்காக.